சிக்காகோவின் வெப்பநிலைச் 'சாதனை'களும் கணக்கில் வராத ஆக்களும்

கடும் வெயிலோ கடும் குளிரோ வந்தால் செய்திகளில் ஒரு சொல் தவறாமல் வரும்: சாதனை. இன்ன நகரில் இத்தனை பாகை, புதிய சாதனை. நாங்களும் வாசித்துவிட்டுப் போகிறோம். ஓடிப் பரிசு எடுத்த பிள்ளைக்கும், பரீட்சையில் மூன்று ஏ எடுத்த பிள்ளைக்கும் பாவிக்கிற அதே சொல்லைத்தான் சனம் மூச்சுத் திணறிச் சாகிற ஒரு நாளுக்கும் பாவிக்கிறோம். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குப் 'பதிவு' என்ற அர்த்தமும் இருக்கிறது. மொழிபெயர்க்கும்போது பதிவு கைநழுவிப் போய், வெற்றி மட்டும் மிஞ்சிவிட்டது.

இது வெறும் சொல் பிரச்சினை இல்லை என்பது எங்கள் கருத்து. ஆகக் கூடிய வெப்பம், ஆகக் குறைந்த வெப்பம் என்று ஒரு நகரம் பட்டியல் வைத்திருக்கிறது. அந்தப் பட்டியல் எதைப் பதிகிறது, எதைப் பதியாமல் விடுகிறது? பட்டியலின் முதல் வரியில் நிற்கிற நாளும், ஆகக் கூடுதலான ஆக்கள் செத்த நாளும் ஒன்றாக இருக்கவேண்டும் என்றில்லை. இதைக் காட்ட அமெரிக்காவின் மத்திய மேற்கிலுள்ள சிக்காகோவை எடுத்துக்கொள்கிறோம். பட்டியலின் இரண்டு முனையையும் நன்றாக அறிந்த நகரம் அது. இரண்டு முனையிலும் யார் பிழைத்தார்கள், யார் பிழைக்கவில்லை என்பது பற்றி நிறைய ஆய்வு செய்யப்பட்ட நகரமும் அதுதான்.

இரண்டு எண்களுக்கு நடுவே 73 பாகை

முதலில் பட்டியல். சிக்காகோவின் உத்தியோகபூர்வமான உச்ச வெப்பநிலை 40.6 பாகை செல்சியஸ். அங்குள்ளவர்கள் பாவிக்கிற பரனைட் கணக்கில் 105. அது பதிவானது 1934 ஜூலை 24இல். ஆகக் குறைந்தது மறை 32.8 பாகை, அதாவது பரனைட்டில் மறை 27. அது 1985 ஜனவரி 20இல். ஒரே நகரம், ஒரே தெருக்கள். இரண்டு எண்களுக்கும் நடுவே 73 பாகைக்கு மேல் இடைவெளி. வருடம் முழுக்க ஒரே மாதிரிப் புழுங்குகிற கரையோர ஊர்களில் வளர்ந்த எங்களுக்கு இதைக் கற்பனை செய்வதே கஷ்டம்.

காரணம் புவியியல். சிக்காகோ ஒரு பெரிய கண்டத்தின் உட்பகுதியில் இருக்கிறது. வடதுருவத்துக் குளிர்காற்று தெற்கே இறங்கினால் அதை மறிக்கக் கிழக்கு மேற்காக ஒரு மலைத்தொடர் கிடையாது. மெக்சிக்கோ வளைகுடாவின் ஈரக்காற்று வடக்கே ஏறினாலும் அதே கதைதான். சமவெளியில் இரண்டு காற்றுக்கும் பாதை திறந்தே கிடக்கிறது. பக்கத்தில் மிச்சிகன் ஏரி இருக்கிறதே, அது சமாளிக்காதா எண்டு கேட்கலாம். சமாளிக்கும், காற்று ஏரிப் பக்கமிருந்து வந்தால். கோடையில் ஏரிக்கரையில் நிற்கிறவருக்குக் குளிர்ச்சியாக இருக்கும் அதே நேரத்தில், உள்ளே சில கிலோமீற்றர் தள்ளி இருக்கிறவர் வெந்துகொண்டிருப்பார். மேற்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ காற்று வீசினால் ஏரியால் ஒரு பிரயோசனமும் இல்லை.

இதுவரைக்கும் பாடப்புத்தகம். இனித்தான் எங்களை நிறுத்தி யோசிக்க வைத்த விஷயம்.

வெப்பமானி எங்கே நிற்கிறது?

1934 ஜூலை 24இல் பதிவான 40.6 பாகை உச்ச வெப்பநிலை என்றோம். அதற்கு முதல்நாள், ஜூலை 23, அதே நகரின் மிட்வே விமானநிலையத்தில் 42.8 பாகை பதிவானது. பரனைட்டில் 109. அப்ப அதுதானே உச்சம்? இல்லை. அந்தக் காலத்தில் நகரின் உத்தியோகபூர்வ வெப்பமானி சிக்காகோ பல்கலைக்கழகத்தில் இருந்தது. அந்த இடம் ஏரிக்குக் கிட்ட. மிட்வே அதற்கு மேற்கே, உள்ளே தள்ளி இருக்கிறது. ஆகவே 109 ஒரு ஓரக் குறிப்பு, 105 வரலாறு.

உத்தியோகபூர்வ நிலையம் 1942இல் மிட்வேக்குப் போனது. 1980 ஜனவரியில் அங்கிருந்து ஓ'ஹெயர் விமானநிலையத்துக்கு மாறியது. ஓ'ஹெயர் நகர மையத்திலிருந்து வடமேற்கே 25 கிலோமீற்றருக்கு அப்பால், ஏரியை விட்டு நன்றாகத் தள்ளி இருக்கிறது. 1982 ஜனவரி 10இல் பதிவான மறை 26 பரனைட்டும், 1985இன் மறை 27உம் இந்த இடமாற்றத்துக்குப் பிறகு வந்தவை. அந்தக் குளிர்காலங்கள் உண்மையாகவே கொடியவை, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஏரியின் இளஞ்சூடும் நகரத்தின் சூடும் எட்டாத திறந்த வெளியில் இரவுக் குளிர் இன்னும் கீழே இறங்கும் என்பதும் உண்மை. 'சிக்காகோவின் வெப்பநிலை' என்று ஒரே பெயரில் நாங்கள் வாசிப்பது மூன்று வெவ்வேறு இடங்களின் கதை.

இன்னொன்றும் கவனியுங்கோ. உத்தியோகபூர்வ வெப்பமானி எப்போதும் நிழலில், காற்றோட்டமாக, பெரும்பாலும் புல்வெளிக்கு மேலே ஆளுயரத்தில் வைக்கப்படும். அது விஞ்ஞானத்துக்கு அவசியமான ஒழுங்கு. நேரடி வெயில் பட்டால் அது காற்றின் வெப்பத்தை அளக்காது, தன் சொந்தச் சூட்டையே அளக்கும். எனவே அதில் பிழை சொல்ல வரவில்லை. ஆனால் தார்க்கூரைக்குக் கீழே, நாலாம் மாடியில், யன்னலை ஆணியடித்து மூடிய ஒற்றை அறைக்குள் இருக்கிற ஒரு முதியவருக்கு அந்த நிழலும் இல்லை, காற்றோட்டமும் இல்லை, புல்வெளியும் இல்லை. நகரத்தில் ஆக வசதியான இடத்தில் நிற்பது வெப்பமானிதான். அதன் எண்ணை வைத்து நகரத்தின் துன்பத்தை அளக்கப் போனால் கணக்குப் பிழைக்கும்.

பட்டியலில் இரண்டாம் இடம், சவக்கிடங்கில் முதலிடம்

1995 ஜூலை 13, வியாழக்கிழமை. மிட்வேயில் 41.1 பாகை. உத்தியோகபூர்வ நிலையமான ஓ'ஹெயரில் 40 பாகை. அதாவது 1934இன் சாதனை முறியடிக்கப்படவில்லை. பட்டியலை மட்டும் பார்க்கிறவருக்கு அது இன்னொரு சூடான நாள்.

அந்த வாரம் சிக்காகோவில், வழமையாக அதே காலத்தில் நடக்கும் மரணங்களை விட 739 மரணங்கள் கூடுதலாக நடந்தன.

எங்கட ஆக்கள் இந்த இடத்தில் கேட்பார்கள்: நாற்பது பாகையெல்லாம் ஒரு வெயிலா? அதற்குள்ளே வயலில் வேலை செய்கிறவர்கள் இல்லையா? நியாயமான கேள்வி. பதில் பகல் வெப்பத்தில் இல்லை, ஈரப்பதத்திலும் இரவிலும் இருக்கிறது. வளைகுடாவின் ஈரக்காற்றோடு, சுற்றியுள்ள சோள வயல்கள் விட்ட நீராவியும் சேர்ந்துகொண்டது. வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். காற்றிலேயே தண்ணி நிறைந்திருந்தால் வியர்வை வழியும், ஆனால் ஆவியாகாது. ஈரப்பதத்தையும் சேர்த்து உடம்பு உணரும் வெப்பத்தைக் கணக்கிட்டால், மிட்வேயில் அது 50 பாகையைத் தாண்டியது. இரவிலும் வெப்பநிலை 27 பாகைக்குக் கீழே போக மறுத்தது. பகல் முழுக்கச் சூடேறிய செங்கல் கட்டடங்கள் இரவில் அந்தச் சூட்டை உள்ளுக்குள்ளேயே விட்டன. உடம்புக்கு ஓய்வே கிடைக்கவில்லை. ஒரு நாள் தாங்கலாம். இரண்டாம் நாள், மூன்றாம் நாள் முதிய இதயங்கள் நின்றுபோயின.

கரண்ட் பாவனை எகிறி, ஏறத்தாழ 49,000 வீடுகளில் மின்சாரம் போனது. சூடு தாங்காமல் சனம் தெருவிலிருந்த தீயணைப்புத் தண்ணீர்க் குழாய்களைத் திறந்துவிட, சில இடங்களில் வீட்டுக் குழாயில் தண்ணி வரவில்லை. நகரின் சவக்கிடங்கில் 222 உடல்களுக்குத்தான் இடம். அது நிரம்பியது. இறைச்சி வியாபாரம் செய்யும் ஒருவர் தன் குளிரூட்டி லொறிகளைக் கொடுத்தார். சட்ட வைத்திய அதிகாரியின் அலுவலக வளவில் அப்படி ஒன்பது லொறிகள் வரிசையாக நின்றன, உள்ளே உடல்களோடு. யாரும் உரிமை கோராத 41 பேரை ஆகஸ்ட் மாத இறுதியில் ஹோம்வூட் என்ற இடத்தில் ஒரே நீண்ட குழியில் புதைத்தார்கள்.

1934இல் வெப்பமானி இதை விடக் கூட ஏறியது. ஆனால் 1930களில் சிக்காகோ சனம் இரவானால் பாயும் தலையணையும் தூக்கிக்கொண்டு பூங்காக்களுக்கும் ஏரிக்கரைக்கும் போய்ப் படுத்தது. அந்தப் பழக்கம் ஐம்பதுகள் வரை இருந்தது. 1995இல் அதே நகரத்தில் முதியவர்கள் கதவைப் பூட்டி, யன்னலையும் சாத்தி உள்ளே இருந்தார்கள். வெளியே போகப் பயம். கள்ளர் பயம், துப்பாக்கிப் பயம். ஏசி இருந்தவர்களில் சிலரும் பில்லுக்குப் பயந்து போடவில்லை. வெப்பமானிக்கு 1934 கொடியது. ஒரு முதியவர் இரவில் வெளியே படுக்கலாமா, கூடாதா என்பதைப் பதிய வெப்பமானிக்கு வழியில்லை.

எண்ணினவருக்கும் எண்ணிக்கை பிடிக்காதவருக்கும் நடந்த சண்டை

உடல்கள் வந்து குவிந்துகொண்டிருந்தபோதே ஒரு சண்டையும் நடந்தது. எத்தனை பேர் வெப்பத்தால் செத்தார்கள்? குக் மாவட்டத்தின் சட்ட வைத்திய அதிகாரி எட்மண்ட் டொனஹியூ ஒரு எண்ணைச் சொன்னார். நகர மேயர் ரிச்சர்ட் எம். டேலிக்கு அந்த எண் பிடிக்கவில்லை. கோடையில் செத்தவர் எல்லோரையும் வெப்பத்தால் செத்தவர் என்று சொல்லலாமா, எண்ணிக்கை மிகைப்படுத்தப்படுகிறது என்ற தொனியில் பேசினார். நகர நிர்வாகத்தின் சமூகசேவைப் பொறுப்பிலிருந்த அதிகாரி ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போய், தங்களைத் தாங்களே கவனிக்காதபடியால் செத்தார்கள் என்ற கருத்தில் பேசினார்.

இந்த வாதம் எங்களுக்குப் புதிதில்லை. ஒரு அனர்த்தத்துக்குப் பிறகு எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்வதும், செத்தவர் தலையிலேயே பழியைப் போடுவதும் எந்த அரசுக்கும் கைவந்த கலை. ஆனால் இந்தத் தடவை கணக்குச் சரியாக நின்றது. தேசிய சுகாதார ஆய்வாளர்கள் டொனஹியூவின் முறையைச் சரிபார்த்து ஏற்றுக்கொண்டார்கள். பிற்பாடு மேலதிக மரணங்களைக் கணக்கிட்டபோது, டொனஹியூ கூட்டிச் சொல்லவில்லை, குறைத்துத்தான் சொல்லியிருந்தார் என்று தெரிந்தது.

மேலதிக மரணம் என்ற கணக்கு விளங்கச் சுலபமானது. சாதாரண வருடத்தில் அந்த வாரம் எத்தனை பேர் சாவார்கள், இந்த வருடம் எத்தனை பேர்? வித்தியாசம் எவ்வளவு? மரணச் சான்றிதழில் மாரடைப்பு என்று எழுதியிருந்தாலும், வெப்பம் இல்லாவிட்டால் அந்த மாரடைப்பு அன்றைக்கு வந்திராது என்பதை இந்தக் கணக்குப் பிடித்துவிடும். வெப்பத்துக்கு வெள்ளம் போல ஒரு படம் இல்லை, புயல் போல ஒரு பெயரும் இல்லை. கூரை பறக்கிறதில்லை. பூட்டிய கதவுக்குப் பின்னால் ஒருவர் கதிரையில் இருந்தபடியே போய்விடுகிறார். ஆகவே எண்ணாமல் விட்டால் அவர் இல்லை. வெப்பமானியின் எண்ணைத் தசமதானம் வரைக்கும் திருத்தமாக எழுதுகிற ஒரு நகரம், செத்த ஆக்களின் எண்ணில் பேரம் பேசியது. எங்களுக்கு ஆகக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

ஒரே வெயில், இரண்டு அயல்கள்

சிக்காகோவில் பிறந்த சமூகவியலாளர் எரிக் கிளினன்பேர்க் 2002இல் 'ஹீற் வேவ்' என்ற நூலை எழுதினார். உடலை அறுத்துப் பார்த்து மரண காரணத்தைக் கண்டுபிடிப்பது போல, நகரத்தை அறுத்துப் பார்ப்பதுதான் அவருடைய முயற்சி. அதில் வரும் ஒரு ஒப்பீடு எங்கள் மனதை விட்டுப் போகவில்லை.

நோர்த் லோண்டேல், சவுத் லோண்டேல் என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அயல்கள். இரண்டும் வறுமைப்பட்டவை. இரண்டிலும் தனியாக வாழ்கிற முதியவர்கள் ஏராளம். வெயிலும் ஒன்றுதான்; வெப்பமானியை இரண்டிலும் நட்டிருந்தால் கிட்டத்தட்ட ஒரே எண்ணைக் காட்டியிருக்கும். ஆனால் கறுப்பினத்தவர் வாழும் நோர்த் லோண்டேலில் ஒரு லட்சம் பேருக்கு 40 என்ற விகிதத்தில் ஆக்கள் செத்தார்கள். மெக்சிக்கோ வம்சாவளியினர் பெரும்பான்மையாக வாழும் சவுத் லோண்டேலில் அந்த விகிதம் 4. பத்து மடங்கு.

இதைப் பார்த்ததும், அந்தச் சமூகத்தில் குடும்பப் பாசம் கூட, இவர்களிடம் குறைவு என்று சொல்லத் தோன்றும். சிலர் அப்படித்தான் சொன்னார்கள். கிளினன்பேர்க் அதோடு நிற்கவில்லை, தெருவைப் பார்த்தார். சவுத் லோண்டேலில் கடைகள் திறந்திருந்தன, நடைபாதையில் வியாபாரம் நடந்தது, தேவாலயங்கள் நிரம்பியிருந்தன. ஒரு முதியவர் பாண் வாங்கவென்று இறங்கினாலே, குளிரூட்டிய கடைக்குள் கொஞ்ச நேரம் நிற்கலாம், நாலு பேரோடு கதைக்கலாம். நோர்த் லோண்டேலிலோ தொழிற்சாலைகள் மூடப்பட்டு, கடைகள் போய், வங்கிகள் போய், வீடுகள் இடிக்கப்பட்டு, வெறும் காணிகள் கிடந்தன. சனம் பாதிக்கு மேல் வெளியேறிவிட்டது. இறங்கிப் போக ஒரு இடமும் இல்லை, கதவைத் தட்ட ஒரு ஆளும் இல்லை.

மருத்துவ ஆய்வுகளும் இதையே வேறு மொழியில் சொல்லின. தனியாக வாழ்கிறவர், வீட்டை விட்டு வெளிக்கிடாதவர், மேல்மாடியில் இருப்பவர், ஏசி இல்லாதவர், இவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். அயலில் நண்பர்கள் இருந்தால் ஆபத்துக் குறைவு. வெப்பம் தன்பாட்டில் ஆள் பார்த்துக் கொல்வதில்லை. நகரம் யாரைக் கைவிட்டதோ அவர் முதலில் போகிறார். இதே கதையை ஜூடித் ஹெல்ஃபண்ட் 'குக்ட்' என்ற ஆவணப்படத்திலும் எடுத்திருக்கிறார். அனர்த்தத்துக்கு ஆயத்தம் என்ற பெயரில் செலவாகும் காசு ஏன் வறுமையை நோக்கிப் போவதில்லை என்று அதில் கேட்கிறார். தேடிப் பாருங்கோ.

குளிருக்குச் சட்டம் இருந்தது

இனிப் பட்டியலின் மற்ற முனை. 2019 ஜனவரி 30. ஓ'ஹெயரில் மறை 30.6 பாகை. காற்றையும் சேர்த்து உடம்பு உணர்ந்தது மறை 46க்கும் கீழே. 1985இன் பதிவு தப்பியது. ஆனால் பக்கத்து நகரமான ரொக்ஃபேர்ட்டில் அடுத்தநாள் மறை 35 பாகை பதிவாகி அந்த ஊரின் எல்லாக் காலத்துக்குமான தாழ்வு ஆனது. இலினோய் மாநிலத்தின் ஆகத் தாழ்ந்த வெப்பநிலையும் அதே நாளில், மவுண்ட் கரொல் என்ற சின்ன ஊரில், பரனைட்டில் மறை 38 என்று எழுதப்பட்டது.

உலகம் முழுக்கப் பார்த்த படங்கள் அப்போது வந்தவை. ரயில் தண்டவாளங்களின் திருப்பங்கள் உறையாமல் இருக்க எரிவாயு நெருப்பு மூட்டியிருந்தார்கள். தண்டவாளமே எரிவது போல இருந்தது. கொதிதண்ணியை வானத்தில் எறிந்து அது பனிப்புகையாவதைப் படம் பிடித்தார்கள். அப்படி எறிந்து சுட்டுக்கொண்டு வைத்தியசாலைக்குப் போனவர்களும் உண்டு.

ஆனால் படத்தில் வராதது என்ன? நகரம் ஆயத்தமாக இருந்தது. பாடசாலைகளை மூடினார்கள், தபால் விநியோகத்தை நிறுத்தினார்கள், நகர பஸ்களைச் சூடேற்றி ஆக்கள் ஏறியிருக்க விட்டார்கள், தங்குமிடங்களைத் திறந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, சிக்காகோவில் வெகுகாலமாக ஒரு சட்டம் இருக்கிறது: செப்டெம்பர் 15 முதல் ஜூன் 1 வரை, வாடகை வீட்டில் பகலில் 20 பாகைக்குக் குறையாமல் வீட்டுச் சொந்தக்காரர் சூடு கொடுக்கவேண்டும். குளிர் யாரையும் கொல்லவில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. அந்த வாரம் மத்திய மேற்கு மாநிலங்களில் இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். வீடில்லாதவர்கள் கூடாரமடித்திருந்த ஒரு இடத்தில், சூட்டுக்காக வைத்திருந்த காஸ் சிலிண்டர்களை ஆபத்து என்று தீயணைப்புப் படை அகற்றியது. அவர்களை அன்றிரவு ஹோட்டல் அறைகளுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது நகரின் தென்பகுதியைச் சேர்ந்த ஒரு பெண். தன் கடனட்டையில் அறைகளைப் பதிவு செய்தார், பிறகு அந்நியர்கள் காசு அனுப்பினார்கள். ஒருவருக்கு வீடு இருந்தால் சட்டம் காக்கிறது, வீடு இல்லாவிட்டால் யாரோ ஒருவரின் கடனட்டைதான் காக்கவேண்டியிருக்கிறது. இதையும் எந்த வெப்பமானியும் எழுதாது.

குளிரை மட்டும் எதிரியாக நினைத்த அந்தச் சட்டத்துக்கு மறுபக்கமும் இருந்தது. 2022 மே மாதம், நாட்காட்டியில் கோடை தொடங்கும் முன்பே வெயில் ஏறியது. நகரின் வடக்கே ரோஜர்ஸ் பார்க்கில் ஒரு முதியோர் குடியிருப்பு. புழுக்கம் தாங்க முடியவில்லை, ஏசியைப் போடுங்கோ என்று அங்கிருந்தவர்கள் முறையிட்டார்கள். ஜூன் 1 வரை சூடு கொடுக்கவேண்டும் என்ற சட்டத்தைக் காரணம் காட்டி நிர்வாகம் மறுத்ததாகச் செய்திகள் சொல்லின. அப்படி எந்தத் தடையும் சட்டத்தில் இல்லை என்று நகர அதிகாரிகள் பிறகு சொன்னார்கள். அதற்குள் மூன்று மூத்த பெண்கள் இறந்து கிடந்தார்கள். அடுத்த மாதமே மாநகர சபை சட்டத்தை மாற்றி, முதியோர் குடியிருப்புகளிலும் பெரிய கட்டடங்களிலும் குளிரூட்டிய பொது அறை வேண்டும் என்று விதித்தது. 1995இல் 739 பேர் செத்த நகரத்தில், ஒரு குளிர் அறையைக் கட்டாயமாக்க 27 வருடமும் இன்னும் மூன்று உயிரும் தேவைப்பட்டிருக்கிறது.

ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது அநியாயம். 1999இல் மீண்டும் ஒரு வெப்ப அலை வந்தபோது நகரம் முன்கூட்டியே எச்சரித்தது, குளிரூட்டும் நிலையங்களைத் திறந்தது, அங்கே போக இலவச பஸ் விட்டது, தனியாக இருக்கும் முதியவர்களின் கதவைத் தட்டியது. அந்தத் தடவை இறந்தவர்கள் சுமார் 110 பேர். அதுவும் குறைந்த எண் இல்லை. ஆனால் கதவைத் தட்ட ஆள் அனுப்பினால் எண்ணிக்கை குறையும் என்பதற்கு இதைவிடத் தெளிவான அத்தாட்சி தேவையில்லை.

"அப்ப பூமி சூடாகுது எண்டீங்களே?"

2019 குளிரின்போது அன்றைய அமெரிக்க ஜனாதிபதி டொனால்ட் ட்ரம்ப், பூகோள வெப்பமாதல் எங்கே போய்விட்டது, சீக்கிரம் திரும்பி வரட்டும் என்ற மாதிரி ருவிற்றரில் கேலி செய்தார். அதே ஜனவரி மாதத்தில்தான் அவுஸ்திரேலியா தன் வரலாற்றிலேயே ஆகச் சூடான மாதத்தை அனுபவித்துக்கொண்டிருந்தது. ஒரு நகரத்தின் ஒருநாள் குளிரை வைத்துப் பூமியை அளக்கிறவர்கள் எங்கட குடும்ப வட்ஸ்அப் குழுக்களிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல ஒரு எளிய கணக்கு இருக்கிறது.

காலநிலை மாறாமல் இருந்தால், நாளாந்த உச்சப் பதிவுகளும் நாளாந்தத் தாழ்வுப் பதிவுகளும் நீண்டகாலத்தில் ஏறத்தாழச் சமமாக முறியவேண்டும். நாணயத்தைச் சுண்டினால் பூவும் தலையும் போல. ஆனால் இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் அமெரிக்காவில் தாழ்வுப் பதிவு ஒன்றுக்கு உச்சப் பதிவு இரண்டு என்ற விகிதத்தில் வந்ததாக 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. குளிர் நாட்கள் இனியும் வரும், கடுமையாகவும் வரும். அவற்றின் பங்குதான் குறைந்துகொண்டு போகிறது.

பதிவுப் பட்டியலை நாங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை என்பதற்கும் இதுவே காரணம். 1870களிலிருந்து சிக்காகோவில் யாரோ ஒருவர் தினமும் வெப்பமானியைப் பார்த்து எழுதி வைத்தபடியால்தான் இன்றைக்கு இந்த மாற்றத்தை நிரூபிக்க முடிகிறது. அந்த வேலைக்கு மரியாதை. ஆனால் அதில் பாதிப் பொறுமையோடு ஆக்களையும் எண்ணியிருக்கலாம்.

இனி வாசிக்கும்போது

சிக்காகோவில் ஏசி இருக்கிறது, காசு இருக்கிறது, அறிவியல் இருக்கிறது. அங்கேயே இப்படி. எங்கட வளிமண்டலவியல் திணைக்களமும் இப்போது உடல் உணரும் வெப்பத்துக்கு எச்சரிக்கை விடுகிறது. வரைபடத்தில் மஞ்சளும் செம்மஞ்சளும் பூசி வருகிறது. அதைப் பகிர்ந்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறோம். இனி அப்படி ஒரு செய்தி எந்த ஊரிலிருந்து வந்தாலும், 'சாதனை' என்ற சொல்லைத் தாண்டி நாலு கேள்வி கேட்டுப் பார்ப்போம்.

அந்த வெப்பமானி எங்கே நிற்கிறது, அங்கே யார் வாழ்கிறார்கள்? இரவில் எத்தனை பாகை? வீட்டுச் சொந்தக்காரருக்கும், வேலை வாங்குகிறவருக்கும், நகர சபைக்கும் சட்டப்படி என்ன கடமை? அந்த வாரம் வழமையை விட எத்தனை பேர் கூடுதலாக இறந்தார்கள், அதை யார் எண்ணுகிறார்கள்?

இந்த நாலுக்கும் பதில் இல்லாத செய்தி அரைச் செய்திதான். எழுதுகிற நண்பர்களிடமும் ஒரு வேண்டுகோள். உச்ச வெப்பம் 'பதிவானது' என்று எழுதுங்கோ. 'சாதனை'யை, ஒரு கோடையில் ஒருவர்கூடச் சாகாமல் பார்த்துக்கொண்ட ஊருக்கு வைத்துக்கொள்வோம்.